விக்கிப்பீடியா வேண்டாம் என்றால் அசைன்மென்ட்டுக்கு வேறு எங்கே போவது?

4 பிப்ரவரி 2024 – ஒரு வாசகரின் கேள்வி

என் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. அசைன்மென்ட்டுக்கு விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூகுளில் தேடினால் வருவதெல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது போல இருக்கிறது. டாட் ஆர்க், டாட் எட்யூ என்று முடியும் தளங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறாள் அவளுடைய தோழி. அது சரிதானா? நம்பகமான தளங்களின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

4 பிப்ரவரி 2024, இரவு

பட்டியல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது தளங்களின் பெயரை எழுதுவது பத்து நிமிட வேலை. ஆனால் ஒரு தளத்தை நம்புவது வேறு, அதில் இருக்கும் ஒரு வரியை நம்புவது வேறு. உங்கள் மகள் அசைன்மென்ட்டில் எழுதப்போவது வரியைத்தான்.

தோழி சொன்னதில் பாதி தவறு. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. டாட் எட்யூ அப்படியல்ல, அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்குத்தான் இப்போது அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் பேராசிரியரின் ஆய்வும் இருக்கும், முதலாண்டு மாணவர் ஏற்றிவைத்த வீட்டுப்பாடமும் இருக்கும். இரண்டுக்கும் முகவரியின் வால் ஒன்றுதான்.

5 பிப்ரவரி 2024

விக்கிப்பீடியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "தொடவே கூடாது" என்பது எனக்கு உடன்பாடில்லை. மேற்கோள் காட்டக் கூடாது, அவ்வளவுதான். அதை விக்கிப்பீடியாவே சொல்கிறது: தன்னை ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது. 2001இல் தொடங்கியது, தமிழில் 2003இலிருந்து இருக்கிறது. எந்தத் தலைப்பையும் முதலில் ஒரு தடவை புரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ், விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்திலும் இருந்து 50 அறிவியல் கட்டுரைகளை அந்தந்தத் துறை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிகாவில் மூன்று.

படிக்கும் முறையை மாற்றிக்கொண்டால் போதும். மேலிருந்து கீழே படித்துவிட்டு மூடிவிடக் கூடாது. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போக வேண்டும், நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. "உரையாடல்" என்ற தத்தலை, அதாவது டேபைத் திறந்தால் எந்த வரியைப் பற்றி யார் சண்டை போட்டார்கள் என்று தெரியும். "வரலாற்றைக் காட்டவும்" என்பதில் அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்பது தெரியும். மாணவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு தத்தலையும் ஒரு முறைகூட அழுத்தியதில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

6 பிப்ரவரி 2024

"அடியில் இருக்கும் மேற்கோளுக்குப் போ என்கிறீர்கள், அந்த மேற்கோளே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக இருந்தால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அப்படி நடந்திருக்கிறது. கோவாட்டி என்று ஒரு விலங்கு, அமெரிக்கக் கண்டத்தில் வாழ்வது. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாக விக்கிப்பீடியாவில் அதற்கு "பிரேசில் ஆர்ட்வார்க்" என்றும் பெயர் உண்டு என்று சேர்த்துவிட்டார். அப்படி ஒரு பெயரே கிடையாது. ஆனால் யாரும் நீக்கவில்லை. பத்திரிகைகள் எடுத்து எழுதின, புத்தகத்திலும் ஏறியது. பிறகு அந்தப் பத்திரிகைகளையே ஆதாரமாகக் காட்டி விக்கிப்பீடியாவில் அந்த வரி நிலைத்துவிட்டது. 2014இல்தான் விஷயம் வெளியே வந்தது.

அதனால் மேற்கோளின் ஆண்டைப் பாருங்கள். வரலாற்றுத் தத்தலில் அந்த வரி நுழைந்த தேதிக்கு முன்னால் வெளிவந்த ஆதாரம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

9 பிப்ரவரி 2024

எனக்கு இதெல்லாம் உறைத்தது எப்படி என்று சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது "கற்றல் முறைகள்" பற்றி ஓர் அசைன்மென்ட். அதில் ஒரு பிரமிடு வரைந்திருந்தேன். படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20, பார்ப்பதில் 30, தானே செய்வதில் 90 விழுக்காடு நினைவில் நிற்கும் என்ற படம். நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள், பயிலரங்கு தவறாமல் வரும். வண்ணப் பென்சிலால் அழகாக வரைந்து, கீழே ஒரு இணையதள முகவரியும் எழுதியிருந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது படத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில் இரண்டே கேள்வி: "யார் அளந்தார்கள்? எத்தனை பேரை?" மதிப்பெண் குறைக்கவில்லை. திட்டவும் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் தேடினேன். நான் காட்டிய தளம் ஒரு பாடப் புத்தகத்தைக் காட்டியது. பாடப் புத்தகம் இன்னொரு புத்தகத்தை. அது ஒரு பயிற்சிக் கையேட்டை. பாதைகள் எல்லாம் எட்கர் டேல் என்ற பெயரில் வந்து நின்றன. அமெரிக்கக் கல்வியாளர். அவர் 1946இல் தன் புத்தகத்தில் ஒரு கூம்பு வரைந்தது உண்மை. நேரடி அனுபவம் அடியில், வெறும் சொற்கள் உச்சியில். நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கூம்பு இருக்கிறது. விழுக்காடு எதுவுமே இல்லை. கூம்பை அப்படியே விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுகூட அவர் எச்சரித்திருக்கிறார். எண்களை ஒட்டவைத்தது பின்னால் வந்தவர்கள்.

யாரும் அளக்கவில்லை. யாரையும் அளக்கவில்லை. பென்சிலில் கேட்ட இரண்டு கேள்விக்கும் அதுதான் பதில்.

இன்றைக்கு நான் மாணவர்களின் தாள்களைத் திருத்துகிற இடத்தில் இருக்கிறேன். ஓரத்தில் அதே இரண்டு கேள்வியைத்தான் எழுதுகிறேன்.

10 பிப்ரவரி 2024

ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதுவதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. பசலைக்கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு ஆய்வாளர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டதால் பத்து மடங்காகப் பதிவாகி, பல ஆண்டுகள் யாரும் சரிபார்க்காமலே பரவியது. ஒரு புள்ளி செய்த வேலை.

14 பிப்ரவரி 2024

சாட்ஜிபிடியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி கொடுத்த தாளில் ஐந்து மேற்கோள். பார்க்க அவ்வளவு ஒழுங்கு: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, ஆய்விதழ், தொகுதி எண், பக்கம், ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்ணான டி.ஓ.ஐ. எண், எல்லாம் இருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வரவில்லை. தலைப்பு சுவையாக இருந்ததால் படிக்கலாமே என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை.

அவளைக் கூப்பிட்டு, வா, இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம் என்றேன். முதல் மேற்கோளில் ஆய்விதழ் உண்மையிலேயே இருக்கிறது. அந்த ஆசிரியரும் அந்தத் துறையில் இருக்கிறார். ஆனால் அந்த ஆண்டுத் தொகுதி 412ஆம் பக்கத்தோடு முடிகிறது, மேற்கோளில் இருப்பது 530ஆம் பக்கம். அடுத்ததில் டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டோம். திறந்த கட்டுரை மீன்களின் செவுளைப் பற்றியது. அவளுடைய தலைப்பு வகுப்பறைக் கவனம்.

"நான் கேட்டேன், அது கொடுத்தது மேடம்" என்றாள். ஏமாற்ற நினைத்த முகம் இல்லை அது. எழுத்து வடிவம் இவ்வளவு சரியாக இருக்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் எப்படி நினைப்பாள்?

வழக்கறிஞர்களுக்கே நடந்திருக்கிறது. 2023இல் நியூயார்க்கில், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு கொடுத்தார்கள். சாட்ஜிபிடி உண்டாக்கியவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு: மேற்கோளைத் தேடிய வழக்கறிஞர், இந்தத் தீர்ப்பு உண்மைதானா என்று அந்தச் செயலியிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அது சொல்லியிருக்கிறது.

அது நூலக அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிறது. மேற்கோளின் வடிவம் அதற்கு நன்றாகத் தெரியும், அதனால் வடிவம் அச்சு அசலாக வந்துவிடுகிறது. இப்போது இணையத்தில் தேடி இணைப்போடு பதில் தரும் வகைகளும் வந்துவிட்டன. சரி, இணைப்பைத் திறந்து, அது சொன்ன வரி அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

15 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, நான் செயலியை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்வதாக ஒருவர் புரிந்துகொண்டார். இல்லை. என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரியாமல் திணறும்போது அது மிகவும் உதவும். "பசங்களுக்குப் பாடத்தில் கவனம் நிற்கவில்லை" என்று தேடினால் அறிவுரைக் கட்டுரைகள்தான் வரும். ஆய்வாளர்கள் அதற்கு என்ன கலைச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சொல்லை ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடினால் வேறு உலகம் திறக்கும். தமிழில் எழுதும் மாணவர்களுக்கு இது இரட்டிப்பு வேலைதான், தெரியும். ஆனால் பாதித் தேடல் சரியான சொல்லைக் கண்டுபிடிப்பதிலேயே முடிந்துவிடுகிறது.

18 பிப்ரவரி 2024

ஒரு தளம் தெரியாத தளமாக இருந்தால் என்ன செய்வது? அதற்குள்ளேயே உட்கார்ந்து "எங்களைப் பற்றி" பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். தன்னைப் பற்றி யார்தான் குறைவாக எழுதுவார்கள்?

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். சில தளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். அவற்றில் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள். ஒன்று அமெரிக்காவின் பெரிய தொழில்முறைச் சங்கம், 1930இலிருந்து இருப்பது. மற்றது 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபட்டுப் போன ஒரு சிறு குழு. பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்று, தளத்தின் தோற்றமும் பளிச்சென்று ஒன்று. மாணவர்கள் பலர் சிறு குழுவின் தளத்தைத்தான் நம்பகமானது என்றார்கள். வரலாற்று அறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ தளத்துக்குள் வந்த உடனேயே வெளியே போய்விட்டார்கள். புதிய தத்தலைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதேதான்.

என் மாணவர்களுக்கு இதை ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிட முடிகிறது. சொல்லிக் கொடுத்ததில் எனக்கு நிறைவு தந்த ஒரு மணி நேரம் அது.

20 பிப்ரவரி 2024

திருத்தம். பத்தாம் தேதி பசலைக்கீரையைப் பற்றி எழுதினேன் அல்லவா, அது தவறு. கீரையில் இரும்புச்சத்து மிகைப்படுத்தப்பட்டது என்ற பகுதியைச் சொல்லவில்லை. அந்தத் தசமப் புள்ளிக் கதையைச் சொல்கிறேன். இங்கே ஒருவர் "எந்த ஆய்வாளர்? எந்த ஆண்டு?" என்று கேட்டார். நான் மற்றவர்களைக் கேட்கும் அதே கேள்வி. "யாரோ ஒரு ஆய்வாளர்" என்று எழுதியபோதே கை நின்றிருக்க வேண்டும்.

தேடிப் பார்த்தேன். கதையைப் பரப்பியது 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரை. அதில் புள்ளி இடம் மாறியதற்கு ஆதாரம் எதுவும் காட்டவில்லை. 2010இல் மைக் சட்டன் என்பவர் உட்கார்ந்து தேடி, அப்படி ஒரு புள்ளிப் பிழைக்குச் சான்றே இல்லை என்று எழுதினார். 2014இல் ரெக்தால் என்ற நார்வே ஆய்வாளர், இந்தக் கதை எப்படி ஆய்விதழ்களுக்குள்ளேயே ஒருவர் பார்த்து ஒருவர் எழுதிப் பரவியது என்று விரிவாகக் காட்டினார். சரிபார்க்காமல் எழுதுவதன் கேட்டைச் சொல்லத்தான் பலரும் இந்தக் கதையை எடுத்தார்கள், எடுத்தவர்கள் இதைச் சரிபார்க்கவில்லை.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. மேலே அப்படியே இருக்கட்டும். "இது கட்டுக்கதை, உண்மை இதுதான்" என்று வரும் வரிகளுக்கும் அதே இரண்டு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை நான் இதுவரை இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

22 பிப்ரவரி 2024

"ஆய்விதழில் வந்துவிட்டால் நம்பலாம்தானே?" – பெரும்பாலும். முழுவதும் அல்ல.

லான்செட் இதழில் 1998இல் வந்தது எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடுவது) ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதழின் தளத்தில் போய்ப் பார்த்தால் திரும்பப் பெற்றதாகப் பெரிதாகப் போட்டிருப்பது தெரியும். ஆனால் யாரோ தன் வலைப்பக்கத்தில் ஏற்றிவைத்த பழைய பி.டி.எஃப். கோப்பைப் படிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் கட்டுரை கையில் இருந்தாலும் டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டு வெளியீட்டாளரின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள் என்கிறேன். அரை நிமிடம்.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் இருக்கின்றன. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் போஹானன், வேண்டுமென்றே பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரை எழுதி, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டுரையை அதே துறையினர் படித்துப் பார்த்திருந்தால் முதல் படத்திலேயே பிழை தெரிந்திருக்கும்.

23 பிப்ரவரி 2024

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கக் கட்டணம் கேட்கிறார்களே என்பவர்களுக்குச் சுருக்கமாக. கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பைத் தேடி, அதற்குக் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். பல சமயம் ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைத்திருப்பார். "மேற்கோள் காட்டியவை" என்பதை அழுத்தினால் பிறகு வந்தவர்கள் அதை மறுத்தார்களா என்றும் தெரியும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போடுங்கள். மாணவர் என்று சொல்லி இரண்டு வரி போதும். நான் எழுதியவர்களில் அனுப்பாதவர்கள் குறைவு.

அப்புறம் நூலகர். உங்கள் கல்லூரி எந்தெந்த ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். டேலின் புத்தகத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தவர், "இதைக் கேட்டு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் போடாதீர்கள். சுருக்கத்தில் "தொடர்பு காணப்படுகிறது" என்று இருக்கும், உள்ளே போனால் "ஆனால் இது காரணம் என்று சொல்ல முடியாது" என்று இருக்கும்.

27 பிப்ரவரி 2024

புள்ளிவிவரத்துக்கு ஒரே வார்த்தை: எண்ணியவரிடம் போங்கள். மக்கள்தொகை என்றால் கணக்கெடுத்த துறை அல்லது ஐ.நா., நோய் என்றால் உலக சுகாதார நிறுவனம், பொருளாதாரம் என்றால் உலக வங்கியின் தரவுப் பக்கம். எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது என்று ஐ.நா. சொன்னது ஒரு கணிப்பு. யாரும் அன்றைக்குத் தலையை எண்ணவில்லை. "கணிப்பின்படி" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே மாணவருக்கு அது புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டினால் பார்த்த தேதியையும் எழுதுங்கள். முடிந்தால், இணையப் பக்கங்களின் படியைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் சேமித்துவிடுங்கள். நான் தாளைத் திருத்த எடுக்கும்போது பக்கம் காணாமல் போயிருக்கும்.

2 மார்ச் 2024

முதல் கேள்வியைக் கேட்டவரின் மகளே எழுதியிருக்கிறாள். என் ஐந்தாம் தேதிக் குறிப்பில் நேச்சர் 50 கட்டுரைகளை ஒப்பிட்டது என்று எழுதியிருந்தேன். நூலகத்தின் வழியாக அந்த இதழையே திறந்து பார்த்தாளாம். அனுப்பியது 50, பயன்படுத்தும்படி திரும்பி வந்தது 42. விக்கிப்பீடியாவில் மொத்தம் 162 பிழை, பிரிட்டானிகாவில் 123. சராசரி நான் சொன்னதுதான், கட்டுரைகளின் எண்ணிக்கை தவறு. நினைவிலிருந்து எழுதினேன். திருத்திக்கொள்கிறேன்.

அதோடு அவள் நிற்கவில்லை. 2006இல் பிரிட்டானிகா அந்த ஒப்பீட்டை மறுத்து நீண்ட பதில் வெளியிட்டதையும், நேச்சர் தன் முடிவில் உறுதியாக நின்றதையும் கண்டுபிடித்திருக்கிறாள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிழை என்று எதை எண்ணினார்கள், விடுபட்டதையும் பிழையாகச் சேர்த்தார்களா என்று பார்க்கிறாளாம். அடுத்த அசைன்மென்ட்டுக்கு அதையே தலைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும் என்று பதில் போட்டேன். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.